மீனற்ற வாரங்கள்

புதிதாக அமைத்த கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, செடி நட்டு, நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்ட பின்னும் சில வாரங்கள் மீன் விடாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மீன் வளர்ப்போர் 'சைக்கிளிங்' என்று சொல்லும் இக்காலத்தில், மீனின் கழிவை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிரிகள் தொட்டிக்குள் குடியேறிப் பெருகுகின்றன. பெரும்பாலோர் இதை வெறும் காத்திருப்பாகவே கொள்கின்றனர். மீன் எது என்பதை முன்பே மனத்தில் முடிவுசெய்துவிட்டு, தொட்டி அதற்குத் தயாராகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். முடிவின் வரிசை இங்கேதான் தலைகீழாகிறது. தொட்டியின் நீர் தன் இயல்பை வெளிக்காட்டுவது இந்த வாரங்களில்தான் என்பதால், மீனைத் தேர்வதற்கு உரிய காலமும் இதுவே; செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலை நகர் போன்றதோர் ஊரில், நிலத்தடி நீருக்கும் வெயிலுக்கும் அழுத்தமான குணம் உண்டு என்பதால், அந்தத் தேர்வு கடையின் வண்ண வரிசையிலிருந்து தொடங்காமல் வாளியிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

மீன் தன் உடலில் உண்டாகும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து மறையும். நாற்பது ஐம்பது லிட்டர் நீரில் மறைய இடமில்லை. ஒருவகை நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு: அம்மோனியா செவுளைச் சிதைக்கிறது, நைட்ரைட்டு செவுள் வழியே இரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் நிறமியைச் செயலிழக்கச் செய்வதால் இரத்தம் பழுப்பாகி, நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது. மூன்றாவதான நைட்ரேட்டு பெருமளவு சேர்ந்தாலன்றித் தீங்கில்லை. செடிகள் அதை எடுத்துக்கொள்ளும், எஞ்சியது நீர் மாற்றுகையில் வெளியேறும். இந்த நுண்ணுயிரிகள் மற்ற பாக்டீரியாக்களைப் போல அரைமணி நேரத்தில் இரட்டிப்பவை அல்ல. நல்ல சூழலிலும் பல மணிநேரமோ ஒரு நாளோ பிடிக்கும் என்பதால், வாரக்கணக்கான காத்திருப்பைத் தவிர்க்க முடிவதில்லை.

தொட்டிக்குள் உயிர்கள் தமக்குள் ஒரு சமநிலையை அடையக்கூடும் என்ற எண்ணத்துக்கு உரியவர் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1850இல் அவர் வெளியிட்ட குறிப்பு, இரண்டு சிறு தங்கமீன்களும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியும் ஒரே கலத்தில் நீர் மாற்றாமல் வாழ்ந்ததைச் சொல்கிறது. செடியின் அழுகிய இலைகள் நீரைக் கலக்கியபோது அவற்றை உண்ணக் குளத்து நத்தைகளைச் சேர்த்ததும், அதன்பின் நீர் தெளிந்ததும் அதில் உண்டு. மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தருவதுதான் அந்தச் சமநிலையின் முழுக்கதை என்று அவர் காலத்தில் கருதப்பட்டது. கதையின் மறுபாதி அவர் வீட்டிலேயே பிறந்தது என்பது அறிவியல் வரலாற்றின் இனிய தற்செயல்களில் ஒன்று. அதே பெயர் கொண்ட அவர் மகன் ராபர்ட் வாரிங்டன், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணின் நைட்ரஜனை ஆராய்ந்து, அம்மோனியா நைட்ரேட்டாவது இரண்டு படிகளில் இரண்டு வேறு உயிர்களால் நிகழ்வது என்று நிறுவினார். தந்தையின் தொட்டியைக் காப்பாற்றியது செடியும் நத்தையும் மட்டுமல்ல என்பதற்கான சான்று மகனின் மண் சாடிகளில் இருந்தது. 

அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்தவர் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. ஆண்டு 1890ஐ ஒட்டி. அதற்குப் பின் நூறாண்டுக் காலம், தொட்டியில் நைட்ரைட்டை உண்பது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்பு நூல்கள் எழுதின. புட்டியில் அடைத்தும் விற்கப்பட்டது. 1998இல் ஆய்வாளர் டிமோத்தி ஹோவனெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும், நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறோர் இனம் என்று காட்டினர். 2015இல் அந்த நைட்ரோஸ்பைரா இனத்திலேயே சில, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்டு வரை முழு வேலையையும் தனியொரு செல்லே செய்து முடிப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அவற்றுள் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு தன் உயிரியைக் கண்டெடுத்த இடம் நீரை மறுசுழற்சி செய்யும் மீன்வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டி. ஆக, வீட்டு மேசைமேல் நடக்கும் இந்த மாற்றம் முழுமையாகப் புரிந்துகொள்ளப்பட்டு இன்னும் பல ஆண்டுகள் ஆகவில்லை.

மறைமலை நகரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் வரை நீளும் தொழிற்பேட்டைத் தடத்தில் இதே உயிர்கள் வேறொரு பெயரில் நாள்தோறும் வேலை செய்கின்றன. ஆலை உணவகம், கழிப்பறை, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் நிலையங்களில், காற்று ஊதும் தொட்டிகளில் மிதக்கும் பழுப்புச் சேறு அவற்றின் இருப்பிடம். புதிய நிலையம் ஒன்றைத் தொடங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிலையத்திலிருந்து லாரியில் சேறு கொண்டுவந்து கொட்டுவது வழக்கம். அது இல்லாமலும் தொடங்கலாம், நாள் பிடிக்கும். மீன்தொட்டியில் இதற்கு நிகரான செயல், நன்றாக ஓடும் தொட்டி ஒன்றின் வடிகட்டிப் பஞ்சைப் புதிய தொட்டியின் நீரில் பிழிவது. நிலையச் சேற்றையே தொட்டிக்குக் கொண்டுவர நினைக்கும் பொறியாளர் இருக்கக்கூடும். அதில் நோய்க்கிருமிகளும் சேர்ந்திருப்பதால் அது தகாது. ஆனால் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் பராமரிப்புப் பணியாளர் ஒருவருக்கு, கரைந்த ஆக்சிஜன், காரத்தன்மை, சேற்றின் வயது போன்ற சொற்கள் புதியவை அல்ல. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் ஆக்சிஜனும், சுண்ணாம்புக் கணக்கில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மையும் செலவாகும் என்பது கழிவுநீருக்கும் கண்ணாடித் தொட்டிக்கும் பொதுவான கணக்கு.

இந்தக் காரத்தன்மை என்பது நீரில் கரைந்த பைகார்பனேட்டுகளின் அளவு. நீர் அமிலமாகிவிடாமல் தாங்கிப்பிடிக்கும் சேமிப்பு. செங்கல்பட்டு மாவட்டத்தின் இப்பகுதி கடும்பாறை நிலம். பல்லாவரம், பரங்கிமலை, வண்டலூர் எனத் தொடரும் குன்றுகளின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனதால் புவியியலாளர் ஹாலண்டு இட்ட பெயர் அது. பாறை இடுக்குகளிலும் அதன்மேல் சிதைந்து கிடக்கும் படையிலும் தங்கும் நீரை ஆழ்துளைக் கிணறு மேலே கொண்டுவருகிறது. கால்சியமும் மெக்னீசியமும் கரைந்த கடினநீராகவே அது பெரும்பாலும் இருக்கிறது. குழாய் முனையிலும் குளியலறை வாளியின் விளிம்பிலும் படியும் வெள்ளை உப்புக்கறையே போதிய அறிகுறி. அத்தகைய நீரின் பிஎச் அளவு, அதாவது அமிலம் அல்லது காரத்தின் அளவு, 7க்கு மேலேயே நிற்கும்.

அம்மோனியாவின் நஞ்சு இந்த எண்ணைப் பொறுத்தது. நீரில் அது இரண்டு வடிவங்களில் உள்ளது: செவுளைக் கடந்து உள்ளே புகும் அம்மோனியா, புகமுடியாத அம்மோனியம். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பிஎச் 7 ஆக உள்ள நீரில் நஞ்சான வடிவம் மொத்தத்தில் அரை விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். பிஎச் 8 ஆனால் அது ஐந்து விழுக்காட்டுக்கு மேல். அதே நீர் 30 பாகைக்குச் சூடானால் ஏழரை விழுக்காடு. சோதனைக் குப்பியில் ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் நீந்திக்கொண்டிருக்க, மற்றொன்றில் செத்து மிதப்பதற்குக் காரணம் இதுவே. குளிர்நாட்டு நூல்கள் தரும் பாதுகாப்பு அளவுகளை மே மாதத்து மறைமலை நகருக்கு அப்படியே கொள்ள இயலாது.

இதைக் கேட்டதும் குடிநீர்க் கருவியின் ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றிவிடலாம் என்று தோன்றும். தொட்டி வைத்திருப்போர் பலர் அதையே செய்கின்றனர். ஆனால் உப்பு நீக்கிய நீரில் காரத்தன்மைச் சேமிப்பு இல்லை. நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கியதும் இருக்கும் கொஞ்சமும் செலவாகி, பிஎச் 6க்கும் கீழே சரிந்து, அவற்றின் வேலை ஏறத்தாழ நின்றுவிடும். தொட்டி மாதக்கணக்கில் முதிராமல் கிடக்கும். கடினநீருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இப்பகுதிக் கிணற்று நீரில் சிறிது குளோரைடு உப்பும் இருப்பதால், செவுளில் நைட்ரைட்டு நுழையும் வாயிலில் குளோரைடு போட்டியிட்டு அதன் நுழைவைக் குறைக்கிறது. ஆகவே கிணற்று நீரை முற்றிலும் ஒதுக்குவது வீண். மிகவும் கடினமாக இருந்தால் ஆர்ஓ நீரைப் பாதி கலந்து, அந்தக் கலவை எந்த எண்ணில் நிலைகொள்கிறது என்று மீனற்ற வாரங்களில் பார்த்துவைப்பதே முறை. டேங்கர் லாரி நீரை நம்பும் தெருக்களில் ஒவ்வொரு லாரிக்கும் நீர் மாறும் என்பதை இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். குழாய் நீராயின் குளோரின் நீக்கும் மருந்தும் தேவை, இல்லையெனில் வளர்க்க நினைக்கும் நுண்ணுயிரிகளே முதலில் சாகும்.

வெப்பம் இந்த ஊருக்குத் தரும் ஒரே சலுகை விரைவு. நைட்ரஜனை மாற்றும் உயிர்கள் 25 முதல் 30 பாகை வரை சுறுசுறுப்பானவை. ஐரோப்பியத் தொட்டியில் சூடேற்றி வைத்துப் பெறும் நிலை இங்கே சும்மா கிடைக்கிறது. அதே வெப்பம் ஆக்சிஜனைக் குறைக்கிறது: 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர் 30 பாகையில் ஏழரை மில்லிகிராமுடன் நிறைந்துவிடும். கோடையில் மேல்மாடி அறையின் தொட்டிநீர் 32 பாகையைத் தொடுவது அரிதல்ல. மின்வெட்டில் வடிகட்டி நின்றால் மீனும் நுண்ணுயிரிகளும் எஞ்சிய ஆக்சிஜனுக்குப் போட்டியிடும். எனவே இங்கே வாழத்தக்க மீன் என்பது கடினநீரையும், சூட்டையும், அவ்வப்போது குறையும் ஆக்சிஜனையும் ஒருசேரப் பொறுக்கும் மீன். அப்படி எண்ணும்போது கடைப் பட்டியல் மிகவும் சுருங்கிவிடுகிறது.

செடி நிறைந்த தொட்டியில் சுழற்சியின் கணக்கு சற்றே வேறுபடும். நீர்ச்செடிகள் பல, நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி உறிஞ்சுகின்றன. செடித்தொட்டிகளைப் பற்றி 1999இல் வெளிவந்த டயானா வால்ஸ்டெட்டின் நூல் இதை விரிவாக எடுத்துக்காட்டியது. விரைந்து வளரும் செடிகளை முதல் நாளிலேயே நெருக்கமாக நட்டால், அம்மோனியாவும் நைட்ரைட்டும் உயர்ந்து தாழும் வழக்கமான அலை சோதனையில் தென்படாமலே போகலாம். அதனால் தொட்டி முதிர்ந்துவிட்டது என்று கொள்வது தவறு. செடி வெட்டப்படும் நாளிலும், விளக்கு பழுதான வாரத்திலும் அந்தப் பொறுப்பை ஏற்கப் போதிய நுண்ணுயிரிகள் இல்லாமற்போகும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியாவைச் சேர்த்து, மறுநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாமற்போவதைப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. செடிக்கும் தொலைதூரம் செல்லத் தேவையில்லை. ஏரிக்கரையின் ஈரத்தில் படரும் நீர்ப்பிரம்மி, மீன்தொட்டி வணிகத்தில் பக்கோபா என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் செடியே. நீருக்குள் மூழ்கியும் அது வளரும். ஓடையிலும் குளத்திலும் மிதக்கும் நீள் இலையுடைய கொட்டியும் அத்தகையதே. கரையிலிருந்து எடுத்துவந்த செடியை அலசி, சில நாள் தனி வாளியில் போட்டுவைத்தால், தட்டாம்பூச்சியின் இளவுயிரி போன்ற ஊனுண்ணிகள் வெளிப்படும். அவை குஞ்சு மீன்களைக் கவ்வக்கூடியவை.

மீன் கடையில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் மோட்டாரை ஓட்டிவிட்டு மீன் விடலாம் என்பதே. அதன் நாகரிகமான வடிவம், முதலில் மலிவான மீன் சிலவற்றை விட்டுத் தொட்டியைப் 'பழக்குவது'. அம்மீன்கள் தம் கழிவால் நுண்ணுயிரிகளுக்கு உணவளித்து, தப்பினால் வாழும், தப்பாவிட்டால் வேறு மீன் வரும். வேதிப்பொருளாக அம்மோனியாவைச் சில துளிகள் விட்டு இதே பயனைப் பெறலாம் என்பது தெரிந்த பின்னும், பத்து ரூபாய் மீன் என்பதற்காக ஓர் உயிரின் செவுளை வேகவைப்பதற்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

தமிழ்நாட்டின் வண்ணமீன் வணிகம் சென்னையின் வடமேற்கில் உள்ள கொளத்தூரைச் சுற்றியே வளர்ந்தது. வீட்டுப் புழக்கடையின் சிமெண்டுத் தொட்டிகளிலும் புறநகர்ப் பண்ணைகளிலும் இனப்பெருக்கம் செய்யப்பட்ட மீன்கள் அங்கிருந்து பிற மாநிலங்களுக்கும் செல்கின்றன. மறைமலை நகர்வாசி மின்சார ரயிலேறிச் சென்று, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் மீனுடன் திரும்பும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பைக்குள் நடப்பது கவனிக்கத்தக்கது. மீன் விடும் கரியமிலவாயு வெளியேற வழியின்றிக் கரைந்து நீரின் பிஎச்சைத் தாழ்த்துகிறது. கூடவே சேரும் கழிவு, பிஎச் தாழ்ந்திருப்பதால், தீங்கற்ற அம்மோனியமாகவே நிற்கிறது. பையைத் திறந்து, தொட்டியின் காரநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றத் தொடங்கியதும் கரியமிலவாயு பறந்து, பிஎச் ஏறி, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியம் மீனைச் சூழ்ந்த நஞ்சாகிறது. மீனைப் பழக்குகிறோம் என்று ஒரு மணிநேரம் பைநீரிலேயே வைத்திருப்பவர் அன்பின் பெயரால் தீங்கு செய்கிறார். பையை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் ஈடுசெய்து, பின் பைநீரைத் தொட்டியில் கலக்காமல் மீனைச் சிறு வலையால் எடுத்து விட்டுவிடுவது மேல். விற்பவரின் நீரும் வாங்குபவரின் நீரும் பெரிதும் வேறுபடாதிருந்தால்தான் அது எளிது என்பது மீனை அருகிலேயே தேடுவதற்கு மேலுமொரு காரணம்.

செடித்தொட்டி என்றதும் கண்முன் தோன்றும் காட்சி, பச்சைப் பின்னணியில் கூட்டமாக நீந்தும் நியான் டெட்ராவின் நீலமும் சிவப்பும். இக்காட்சியை உலகின் ரசனையாக்கியவர் ஜப்பானியர் தகாஷி அமானோ. 1990களில் வெளிவந்த அவருடைய தொட்டிப் படங்கள், தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான இலக்கணமாகவே ஆயின. அந்த அழகில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் நியான் டெட்ரா மேல் அமேசானின் மென்மையான, அமிலச்சாயல் கொண்ட, இலை நிழல் படிந்த ஓடைகளின் மீன். பண்ணையில் பல தலைமுறை வளர்ந்ததால் ஓரளவு கடினத்தைப் பொறுத்துக்கொள்கிறது என்றாலும், 32 பாகை வெந்நீரில் அதன் வாழ்நாள் சுருங்குகிறது. அதைக் குளிரவைக்கச் சில்லர் வாங்குவது ஒரு தீர்வே. வாடகை அறையில் இரண்டடித் தொட்டிக்கு அது பொருந்துமா என்பதை வாங்குபவர் தம் மின்கட்டணத்தைப் பார்த்து முடிவுசெய்யலாம். கப்பியும் மோலியும் இந்த நீருக்கு நன்றாகவே ஒத்துப்போகின்றன. குட்டி போட்டுப் பெருகுவதால் அவற்றின் சிக்கல் வேறு.

நீரிலிருந்து தேர்வைத் தொடங்குபவருக்கு முதலில் தென்படும் மீன், கடைகளில் பெரும்பாலும் தென்படாதது. 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே விவரித்த சூடோஸ்ஃப்ரோமீனஸ் கூப்பானஸ் தன் பெயரைப் புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து பெற்றது. மறைமலை நகரிலிருந்து தெற்கே அரைநாள் பயணத் தொலைவு. வயல் வாய்க்கால், குட்டை, புல் மண்டிய ஏரி ஓரம், கழிமுகத்தின் சற்றே உப்பான நீர் என எங்கும் வாழும் இம்மீன் விரல் நீளமே இருக்கும். கடைத்தொட்டியில் பார்ப்பவர் பழுப்பு மீன் என்று கடந்துபோவார். அதற்குரிய நிழலும் செடியும் கிடைத்தால் கண்ணில் நீல ஒளியும், ஆணின் வாலில் சிவப்பும் ஏறும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருப்பதால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கிறது. மின்வெட்டு இரவில் இது பெரிய துணை. மூடிக்கும் நீருக்கும் இடையே இரண்டு அங்குலம் விடுவது மட்டுமே அதற்கு வேண்டிய ஏற்பாடு.

இனப்பெருக்கக் காலத்தில் இம்மீனைப் பார்ப்பது செடித்தொட்டி வைப்பதற்கான முழுக்காரணமாகவே இருக்கலாம். அகன்ற இலை ஒன்றின் அடிப்பக்கத்தை ஆண் தேர்ந்துகொண்டு, மேலே சென்று வாயில் காற்றெடுத்து, எச்சில் பூசிய குமிழிகளாக ஒவ்வொன்றாய் இலையின்கீழ் ஒட்டுகிறது. கூடு உருவாகும் நேரத்தில் பெண்ணின் உடல் கருத்து, ஏறத்தாழ மைநிறமாகிவிடும். முட்டைகள் வெளிவந்ததும் ஆண் அவற்றைக் கவ்விக் குமிழிகளுக்கிடையே செருகி, பெண்ணையும் பிறவற்றையும் விரட்டிக் காவல் நிற்கிறது. வடிகட்டியின் நீரோட்டம் வலுவாக இருந்தால் கூடு கலைந்துபோகும் என்பதால், பீய்ச்சும் மோட்டாரைவிடக் காற்றுக் குமிழியால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே இதற்கு உகந்தது. நுண்ணுயிரிகளின் குடியிருப்பாகவும் அது மோசமில்லை. இத்தகைய முடிவுகள் மீனற்ற வாரங்களிலேயே எடுக்கப்பட வேண்டியவை. மீனை அறியாமல் வடிகட்டியை வாங்கியவர் பின்னால் இரண்டாவதையும் வாங்குவார்.

நீரின் மேற்பரப்புக்கு உரியது அப்லோகைலஸ் பார்வஸ். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகப் பணியாற்றிய சுந்தரராஜ், சென்னையின் நன்னீர் மீன்கள் பற்றி 1916இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதை முதலில் விவரித்தார். இரண்டு அங்குலத்தை எட்டாத இம்மீனின் உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு ஒன்று உண்டு. தேங்கிய நீரை மேலிருந்து பார்க்கும்போது மீன் தெரியாது, பொட்டு மட்டும் நகரும். கொசுப்புழு அதன் விருப்ப உணவு. கொசுவை ஒழிக்கவென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பியையும், பின்னர் கம்பூசியாவையும் கடல்கடந்து கொண்டுவந்து கிணறுகளில் விட்ட நிர்வாகம், அதே வேலையைச் செய்யும் மீன் அதே கிணற்றில் இருந்ததை உரிய அளவில் பொருட்படுத்தவில்லை. தொட்டியில் இதற்கு மூடி கட்டாயம். இல்லையெனில் காலையில் தரையில்தான் கிடைக்கும்.

மணலுக்கு அயிரை. குழம்புக்கென்று சந்தையில் உயிரோடு விற்கப்படும் இம்மீனை அழகுக்கு வளர்ப்பதா என்று புருவம் உயர்த்துவோர் அதைச் சட்டியிலன்றிப் பார்த்திராதவர்கள். பிரெஞ்சு அறிஞர் வலென்சியென் 1846இல் இதற்கு வைத்த அறிவியல் பெயர் வெப்பத்தைக் குறிப்பது. அவருக்குக் கிடைத்த மாதிரிகள் திருகோணமலை அருகே கன்னியா வெந்நீரூற்றுகளிலிருந்து வந்தவை. கோடைக்கு அஞ்சாத மீன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கூர்மையான சரளைக் கல்லில் அதன் மீசையும் வயிறும் கிழியும். சலித்த மென்மணல் வேண்டும். அதில் தலை மட்டும் தெரியப் புதைந்திருந்து, வாயில் மணலை அள்ளி, உண்பதை உண்டு, எஞ்சியதைச் செவுள் வழியே உதிர்க்கும். மணலில் நுண்புழுக்களும் மட்கும் சேர்வதற்கு நாளாகும் என்பதால் இதைக் கடைசியில் விடுவது நல்லது.

இரண்டடித் தொட்டி மணலும் செடியும் போக ஏறத்தாழ 45 லிட்டர் நீரைக் கொள்ளும். அதில் கூப்பானஸ் ஓர் இணை, மேலே பார்வஸ் ஆறு என்பது போதுமான கூட்டம். அயிரை நான்கைச் சேர்த்தால் நிறைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் அதுவரை துளிகளில் உணவு பெற்ற நுண்ணுயிரிகள் தடுமாறும் என்பதால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடையே சில வாரம் விட வேண்டும். முதலில் கூட்டமாக வாழும் பார்வஸ் வரலாம். இடத்துக்காகச் சண்டையிடும் கூப்பானஸ் முன்னே வந்தால் முழுத்தொட்டியையும் தனதாக்கிக்கொள்ளும்.

உள்ளூர் மீன் என்றதாலேயே தேர்வு பழுதற்றது ஆகிவிடாது என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சான்று இருக்கிறது. கேரள ஆறுகளில் வாழும் டெனிசன் கெண்டையை 1865இல் விவரித்த மீனியலாளர் பிரான்சிஸ் டே, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். கருங்கோட்டின்மேல் செங்கோடு ஓடும் அதன் உடல், வெளிநாட்டுத் தொட்டிக்காரர்களின் கண்ணில் பட்டதும் 'மிஸ் கேரளா' என்ற பெயரில் ஆறுகளிலிருந்து பெருமளவில் அள்ளப்பட்டது. அருகிவரும் இனமாக அது உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கூப்பானஸும் பார்வஸும் இன்று அந்நிலையில் இல்லை, ஏனெனில் அவற்றை யாரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் வலை வரும். இரண்டு மூன்று இணைகளைக் கொண்டு தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து கைமாற்றிக்கொள்வதே இதற்கு நேர்மையான வழி. கொளத்தூரின் திறமை முழுவதும் இனப்பெருக்கத்தில்தான் இருக்கிறது, அது இதுவரை வெளிநாட்டு இனங்களுக்கே செலவாகிறது என்பதொன்றே குறை.

ஏரியிலிருந்து தொட்டிக்கு வருவதைவிடத் தொட்டியிலிருந்து ஏரிக்குப் போவது பெரிய கேடு. வேலை மாறும்போது ஊரும் மாறும் இத்தொழிற்தடத்தில் அறையைக் காலிசெய்பவர், தொட்டியைத் தூக்க முடியாமல் மீனை அருகிலுள்ள ஏரியில் விட்டுச் செல்வது இரக்கச் செயலாகவே கருதப்படுகிறது. ஆனால் இம்மாவட்டத்தின் ஏரிகள் தனித்தனி நீர்நிலைகள் அல்ல. ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரத்துக் கால்வாய். கூடுவாஞ்சேரி அருகே ஆதனூர் ஏரியின் உபரிநீர் அடையாறாகக் கடலுக்குச் செல்கிறது. 2015 டிசம்பரில் அந்த வழி முழுவதும் ஒரே வெள்ளமாயிற்று. பாசியைத் தின்னும் என்று வாங்கி, ஓரடி வளர்ந்ததும் கைவிடப்படும் சக்கர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இன்று வலையைக் கிழித்துக்கொண்டு ஏறுகிறது. கரையைத் துளைத்து முட்டையிடும் பழக்கம் மண்கரை ஏரிக்கு நல்லதல்ல. உள்ளூர் மீனுக்கும் இதே விதி பொருந்தும். ஏரியில் பிடித்த அயிரையை வெளிநாட்டு மீன்களுடன் ஒரே தொட்டியில் வைத்தபின் மீண்டும் அதே ஏரியில் விட்டால், அது தன்னுடன் தொட்டியின் ஒட்டுண்ணிகளையும் நோய்களையும் கொண்டுசெல்கிறது. எனவே புதிதாக வரும் எந்த மீனையும் தொட்டிக்குள் விடுமுன் இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்ப்பதும், ஒருமுறை தொட்டியில் நீந்திய மீனை வேறொருவர் தொட்டிக்கன்றி எந்த நீர்நிலைக்கும் அனுப்பாதிருப்பதும் தேர்வின் பகுதிகளே. அந்த வேறொருவரைக் கண்டுபிடித்து வைப்பதற்கும் மீனற்ற வாரங்களில் நேரம் உண்டு.